ஏற்காட்டு வீட்டுப் பரணில் கிடைத்த மரக்கோட்டையும் ஈயச் சிப்பாய்களும்: பெயின்ட் அடிக்கலாமா?

மரவனேரி எழுதியது:

கேள்வியை முதலில் வைத்துவிடுகிறேன். பழைய மரப் பொம்மைக் கோட்டை ஒன்று, கூடவே ஈயச் சிப்பாய்கள். இவற்றுக்குப் புதிதாக எனாமல் அடிக்கலாமா? வீட்டில் இரண்டு கட்சி. பளபளவென்று ஆக்கி இந்த நவராத்திரிக்குக் கொலுவில் வைக்கலாம் என்கிறான் தம்பி. எனக்கு மனசு ஒப்பவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாத்தா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் பங்களாவில் சமையல்காரர். சுதந்திரத்துக்குப் பிறகு அந்தத் துரை குடும்பம் கப்பலேறியபோது, கொண்டுபோக முடியாத சாமான்களை வேலை பார்த்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தாத்தாவுக்கு ஒரு மேஜை, இரண்டு பீங்கான் ஜாடி, இந்தக் கோட்டை. முதலில் அப்பா விளையாடினார், அப்புறம் நானும் தம்பியும். வீட்டை விற்பதற்காகப் பரணை ஒழித்தபோது கோணிச் சாக்குக்குள் கிடைத்தது.

கோட்டையின் அடிப்பாகம் ஒரு மரப்பெட்டி. அதைக் கவிழ்த்து வைத்தால் குன்று. மதில், கொத்தளம், வாசல் எல்லாம் தனித்தனித் துண்டுகள். விளையாடி முடிந்ததும் எல்லாவற்றையும் பெட்டிக்குள்ளேயே அடுக்கி மூடிவிடலாம். குன்றின் சரிவில் பசை தடவி மரத்தூளும் தக்கைப் பொடியும் ஒட்டி, பச்சையும் பழுப்புமாகச் சாயம் பூசியிருக்கிறார்கள். ஜன்னல்கள் அச்சடித்த காகிதம். தூக்குப்பாலம் தகரம், அதன் சங்கிலி அறுந்துவிட்டது. ஒரு பக்கப் பலகையில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஓட்டைகள்.

சிப்பாய்களில் சிவப்புச் சட்டைக்காரர்கள், குதிரைமேல் தலைப்பாகையோடு ஈட்டி பிடித்தவர்கள், அப்புறம் கவசம் போட்ட பிளாஸ்டிக் வீரர்கள் கொஞ்சம். பிளாஸ்டிக் எல்லாம் சிங்கப்பூர் மாமா கொண்டுவந்தது. ஒரு சின்னப் பீரங்கியும் உண்டு. தீக்குச்சித் துண்டை வைத்துச் சுடுவோம். ஸ்பிரிங் இன்னும் விறைப்பாகத்தான் இருக்கிறது.

ஒருவரைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வாள் பிடித்த அதிகாரி. அவர் தலை எப்போதோ ஒடிந்து, தாத்தா ஒட்டியிருக்கிறார். உடம்பு உள்ளே கூடு. கழுத்து ஓட்டையில் தீக்குச்சியைச் செருகி, மேலே தலையைப் பொருத்தி, சுற்றிலும் அரக்கை உருக்கி விட்டிருக்கிறார். அந்த அரக்கில் தாத்தாவின் விரல் ரேகை இன்னும் தெரிகிறது. தலை கொஞ்சம் இடதுபக்கமாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டது. அதனாலேயே எங்கள் விளையாட்டில் அவர்தான் வாசல் காவல். பக்கவாட்டில் பார்க்கிறவர் கண்ணுக்கு ஒளிந்து வருகிறவன் தப்ப மாட்டான் என்று அப்பா சொல்வார்.

ஈயச்சிப்பாய் எழுதியது:

மரவனேரி அண்ணா, தயவுசெய்து தூரிகையைக் கையில் எடுக்காதீர்கள். தம்பியிடமும் சொல்லிவிடுங்கள்.

ஈய ஆட்களைத் திருப்பிப் பாருங்கள். குதிரை என்றால் வயிற்றடியில், நிற்கிற ஆள் என்றால் அடித்தட்டில் எழுத்து இருக்கிறதா? 'பிரிட்டன்ஸ்', 'மேட் இன் இங்கிலாந்து' என்று புடைப்பாக இருந்தால் லண்டன் வில்லியம் பிரிட்டன் கம்பெனியின் சரக்கு. தொப்பி உச்சியிலோ காலடியிலோ சின்னத் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உடம்பு உள்ளே கூடு என்று எழுதியிருக்கிறீர்களே, சங்கதியே அதில்தான் இருக்கிறது. அதற்கு முன் ஜெர்மனியிலிருந்து வந்த சிப்பாய்கள் கெட்டி ஈயம், கனமும் விலையும் அதிகம். 1893-இல் பிரிட்டன் கம்பெனி வேறு வழி கண்டுபிடித்தது. உருக்கிய ஈயக்கலவையை அச்சில் ஊற்றி, அச்சின் சுவரை ஒட்டி மெல்லிய தோல் இறுகியதும் நடுவில் உள்ள குழம்பை வெளியே சாய்த்துவிடுவார்கள். நிற்பது ஓடு மட்டும். ஈயம் மிச்சம், எடை குறைவு, விலையும் குறைவு. நடுத்தரக் குடும்பத்துப் பையனுக்கும் ஒரு பெட்டிச் சிப்பாய் கிடைத்தது. உயரம் 54 மில்லிமீட்டர். இன்றைக்கும் உலகம் முழுக்கப் பொம்மைச் சிப்பாய் செய்கிறவர்கள் அந்த அளவை வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கம்பெனி நம் ஊர்ப் பட்டாளத்தையும் வார்த்தது. வங்காளக் குதிரைப்படையும் உண்டு, மதராஸ் காலாட்படையும் உண்டு. உங்களிடம் இருக்கும் தலைப்பாகை ஈட்டிக்காரர்கள் அந்த வரிசையாக இருக்கலாம். படம் போட்டால் பார்த்துச் சொல்கிறேன். 1966-இல் ஈயத்தில் வார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

கழுத்தில் தீக்குச்சி வைத்த அதிகாரியைப் பத்திரமாக வைத்திருங்கள். ஓட்டுச் சிப்பாய் வைத்திருந்த வீடுகளில் எல்லாம் இதே வைத்தியம்தான், இங்கிலாந்திலும் இப்படித்தான் தலையை ஒட்டினார்கள். ஆனால் அரக்கும் ரேகையும் உங்கள் தாத்தாவுடையது. வேறு யாரிடமும் அது கிடையாது.

கொலுப்படி எழுதியது:

எனக்கு இதில் உடன்பாடில்லை, சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு அம்மாபேட்டை. பாட்டி காலத்துப் பண்ருட்டி மண் பொம்மைகள் இன்னும் படியேறுகின்றன. மூக்கு உதிர்ந்தால் ஒட்டுகிறோம், வர்ணம் மங்கினால் தீட்டுகிறோம். அப்படித் தீட்டித் தீட்டித்தான் அவை இத்தனை தலைமுறை நின்றிருக்கின்றன. பொம்மைக்கு வர்ணம் பூசுவது நம் வீடுகளில் புதிய வழக்கமா என்ன? பெட்டிக்குள் பூட்டி வைத்து 'ஒரிஜினல்' என்று சொல்லிக்கொண்டிருப்பதைவிட, வருஷத்தில் ஒன்பது நாள் நாலு பேர் பார்க்க நிற்பது அந்தச் சிப்பாய்க்கும் கௌரவம்தானே?

கொலுப் பூங்காவில் கோட்டை வைப்பது எங்கள் தெருவில் வெகு காலமாக நடக்கிறது. கடுகும் கேழ்வரகும் தூவிப் புல் வளர்த்து, கண்ணாடித் துண்டில் குளம் கட்டி, பக்கத்தில் மலை. மலைக்கு மேல் இந்தக் கோட்டை எவ்வளவு பொருத்தம்!

ஈயச்சிப்பாய் எழுதியது:

அக்கா, நீங்கள் சொல்வதில் பாதிக்கு நான் தலையாட்டுகிறேன். கோட்டை கொலுவுக்கு வரட்டும். வர்ணத்தில்தான் வித்தியாசம்.

மண் பொம்மையின் முகம் மண்ணிலேயே பிடித்தது. கண், மூக்கு, மடிப்பு எல்லாம் வடிவத்தில் இருக்கும். மேலே வர்ணம் போனாலும் கிருஷ்ணர் கிருஷ்ணர்தான். 54 மில்லிமீட்டர் ஆளின் முகம் மிளகு அளவுகூட இராது. அதில் கண்ணும் மீசையும் தூரிகை நுனியால் வைத்த புள்ளியும் கோடும் மட்டுமே. அந்தக் காலத்தில் தொழிற்சாலையிலும் வீடுகளிலும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் தீட்டியது. மேலே ஒரு பூச்சு எனாமல் போனால் அந்தக் கைவேலை முழுக்க மறைந்துவிடும். திரும்ப எடுக்கவும் முடியாது. புது எனாமலைக் கரைக்கிற திரவம் அடியில் இருக்கும் பழையதையும் சேர்த்துக் கரைத்துக்கொண்டு வரும்.

இன்னொன்று. பெயின்ட் எங்கே தேய்ந்திருக்கிறது என்று கவனியுங்கள். தோளிலும் இடுப்பிலும்தான் தேய்ந்திருக்கும், பிள்ளைகள் பிடித்துத் தூக்கிய இடம் அது. அந்தத் தேய்மானம் மரவனேரி அண்ணாவின் அப்பா கையும் அண்ணா கையும் பட்டு உண்டானது.

குழந்தைநலம் எழுதியது:

நான் குழந்தைகள் மருத்துவப் பிரிவில் வேலை பார்ப்பவள். எல்லாரும் அழகைப் பற்றிப் பேசுகிறீர்கள், ஈயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஈயம் உடம்பில் சேர்ந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு எதுவும் கிடையாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. சிப்பாயின் உடம்பு மட்டுமல்ல, அந்தக் காலத்துப் பெயின்டிலும் ஈயம் இருக்கும். சிறு குழந்தை எதையும் வாயில் வைக்கும், கையைச் சூப்பும். அதனால் கொலுவில் வைத்தாலும் ஈய ஆட்கள் குழந்தைக் கை எட்டாத படியில்தான் நிற்க வேண்டும். பெரியவர்களும் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முக்கியமாக, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. புதுப் பெயின்ட் பிடிக்க முதலில் செய்யும் வேலை அதுதான். ஈயத்தூள் வீடு முழுக்கப் பறக்கும். பெயின்ட் வேண்டாம் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

மரவனேரி எழுதியது:

மிக்க நன்றி. பார்த்துவிட்டேன். குதிரை வயிற்றில் 'பிரிட்டன்ஸ்' என்று தெளிவாக இருக்கிறது. சிவப்புச் சட்டைக்காரர்களில் பாதிப் பேருக்கு அடியில் 'மேட் இன் இங்கிலாந்து' மட்டும் படிக்க முடிகிறது. கவச வீரர்களின் அடியில் 'ஹாங்காங்' என்று இருக்கிறது.

இதை எழுதும்போதே இன்னொரு கவலை. கோட்டைப் பெட்டிக்குள் இருந்த சில ஆட்களின் காலில் சாம்பலும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருக்கிறது. ஊதினால் பறக்கிறது. தனியாகத் தகர டப்பாவில் இருந்த ஆட்களுக்கு ஒன்றுமில்லை. ஒரே வீடு, ஒரே பரண், ஏன் இப்படி?

வெள்ளைக்கல் எழுதியது:

ஊதாதீர்கள் ஐயா. அந்தப் பொடியே ஈயம்தான். ஈரத்துணியில் மெதுவாக ஒற்றி எடுத்து, துணியைத் தூர எறிந்துவிடுங்கள்.

நான் வேதியியல் ஆய்வகத்தில் காலம் தள்ளியவன். உங்கள் கேள்விக்குப் பதில் அந்த மரப்பெட்டிதான். மரம் வயதாக வயதாக அசிட்டிக் அமில ஆவியை மெல்ல மெல்ல வெளியிடும், அதாவது வினிகரில் இருக்கும் அமிலம். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி, ஏற்காட்டு மூடுபனி ஈரம், காற்றில் இருக்கும் கரியமில வாயு மூன்றும் ஈயத்தோடு சேர்ந்தால் ஈயக் கார்பனேட்டாக மாறி வெள்ளையாகப் பூக்கும். பழைய காலத்தில் வெள்ளை ஈயச் சாயம் செய்ததே இப்படித்தான். ஈயத்தகட்டையும் வினிகரையும் ஒரே பாண்டத்தில் வைத்து மாதக்கணக்கில் மூடி, பூத்து வந்ததைச் சுரண்டி எடுப்பார்கள். உங்கள் பரணில் அதே வேலை தானாக நடந்திருக்கிறது.

இதை முழுக்கத் திருப்ப முடியாது, ஆனால் நிறுத்தலாம். ஈய ஆட்களை இனி மரப்பெட்டியிலும் அட்டைப்பெட்டியிலும் வைக்க வேண்டாம். சமையலறையில் வைக்கிற பாலிப்ரொப்பிலீன் டப்பா போதும், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். மேலே இருப்பதைவிடக் கீழே சேலத்தில் காற்று வறட்சி, அது ஈயத்துக்கு நல்லது. கோட்டைக்கு அப்படியல்ல. இத்தனை காலம் குளிர்ச்சியில் இருந்த மரத்தைச் சட்டென்று சேலத்து வெயிலில் காட்டினால் பலகை நெளியும், ஜன்னல் காகிதம் உரியும். கோணியிலேயே சுற்றி, நிழலான அறையில் சில வாரம் விட்டுப் பழக்குங்கள்.

பலகை ஓட்டைகளுக்கு ஒரு சோதனை. அடியில் கறுப்புத் துணி விரித்து வையுங்கள். புதிதாக மரமாவு உதிர்ந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். உதிரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

அந்துருண்டை மட்டும் வேண்டாம். சிலவகைப் பிளாஸ்டிக்கை அது இளக்கிவிடும்.

ஈயச்சிப்பாய் எழுதியது:

ஹாங்காங் ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை. தலை திரும்புகிறதா, வாளை உறையிலிருந்து உருவ முடிகிறதா? 1950-களின் கடைசியில் பிரிட்டன்ஸ் 'ஸ்வாப்பெட்' என்று அப்படி ஒரு வரிசை விட்டது. ஒரு வீரரின் தலையைக் கழற்றி இன்னொருவருக்கு மாட்டலாம். ஆனால் வேறு பல கம்பெனிகளும் ஹாங்காங்கில் செய்து தள்ளின, எழுத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. எதுவாக இருந்தாலும் துப்பாக்கி முனையையும் வாளையும் வளைத்துப் பார்க்காதீர்கள். பழைய பிளாஸ்டிக் முறுக்கு ஒடிகிற மாதிரி ஒடியும்.

நாகலூர்க்காரன் எழுதியது:

நானும் ஏற்காடுதான். இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊரில் கோட்டை என்றதும் கிரேஞ்ச் பங்களாதான் நினைவுக்கு வரும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில்தான் காபி இந்த மலையேறியது. கிரேஞ்சும் அவர் பெயரோடு சேர்ந்தது. 1857 கலகச் சமயத்தில் அந்தப் பங்களாவின் மாடியில் பீரங்கி ஏற்ற மேடை கட்டி, கீழறையில் தானியம் சேர்த்து வைத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அந்த மாதிரி பங்களாப் பிள்ளைகள் விளையாட மரக்கோட்டை வந்ததில் ஆச்சரியமே இல்லை.

நாங்கள் சின்ன வயதில் மண்ணில் கோட்டை கட்டுவோம். எங்களுக்குத் தெரிந்த கோட்டை சங்ககிரி ஒன்றுதான், பள்ளியில் கூட்டிப் போயிருந்தார்கள். அதனால் எங்கள் கோட்டையில் கூம்புக் கோபுரமோ தூக்குப்பாலமோ இருக்காது. அடிவாரத்திலிருந்து உச்சி வரை வாசலுக்கு மேல் வாசலாக வைத்துக்கொண்டே போவோம். ஒரு வாசலைப் பிடித்தவனுக்கு மேலே இன்னொரு வாசல் காத்திருக்கும். தீரன் சின்னமலை பக்கம் நிற்க எல்லாருக்கும் ஆசை. 1805-இல் அவரை அங்கேதான் தூக்கிலிட்டார்கள் என்று வாத்தியார் சொன்ன பிறகு வெள்ளைக்காரன் பக்கம் நிற்க ஒருவனும் வரவில்லை. நீங்கள் சிவப்புச் சட்டைக்காரர்களை எந்தப் பக்கம் வைத்து விளையாடினீர்கள் அண்ணா?

மரவனேரி எழுதியது:

நல்ல கேள்வி. அப்பா வைத்த விதிதான் எங்களுக்கும். தலைப்பாகை குதிரைக்காரர்கள் கோட்டைக்குள்ளே, சிவப்புச் சட்டைக்காரர்கள் வெளியே முற்றுகை. காய்ந்த காபிப் பழம்தான் குண்டு. மழைக்காலத்தில் அடுப்பங்கரைப் பக்கம் உட்கார்ந்து ஆரம்பித்தால் இருட்டும் வரை போகும். கோட்டையின் பெயரும் சங்ககிரிதான்! வாசல் காவல் அதிகாரி மட்டும் சிவப்புச் சட்டைக்காரர். அவர் கட்சி மாறி நம் பக்கம் வந்தவர் என்று அப்பா கதை கட்டியிருந்தார். கழுத்தில் பட்ட வெட்டு அதனால் வந்ததாம்.

பழையசாமான் எழுதியது:

விற்கும் எண்ணம் இருந்தால் இரண்டு தகவல். சேகரிப்பவர்கள் பழைய வர்ணம், சேதமில்லாத உடம்பு, கம்பெனிப் பெட்டி ஆகியவற்றுக்குத்தான் விலை கொடுப்பார்கள். மறுபடி தீட்டியதற்கு மதிப்பு அடிமட்டத்துக்குப் போய்விடும். வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்ப நினைத்தால், கோட்டை நூறு வயது தாண்டியிருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்வரை அனுப்ப வேண்டாம். 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்தில் நூறு ஆண்டு என்பதுதான் கணக்கு. தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அல்ல என்று சான்று வாங்கிய பிறகுதான் மற்றதெல்லாம்.

மரவனேரி எழுதியது:

தகவலுக்கு நன்றி. விற்கப் போவதில்லை.

செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

நான் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். அதிகாரியின் தலையைப் பற்றவைக்கிற உலோகப் பொடி வைத்து நெருப்பில் ஊதிப் பலமாக ஒட்டிவிடலாமே என்று யாராவது யோசனை சொல்லும் முன் சொல்லிவிடுகிறேன், எந்தப் பட்டறையிலும் கொடுக்காதீர்கள். நாங்கள் வெள்ளிக்கு வைக்கிற பொடி உருக 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், கலவை என்றால் இன்னும் முன்னாலேயே. நெருப்பு நாக்கு பட்ட நொடியில் ஆள் இருக்க மாட்டார். உங்கள் தாத்தா அரக்கு வைத்தது சரியான வேலை. குறைந்த சூட்டில் இளகும், பிடிக்கும், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். பொருள் தெரிந்த கை அது.

தூக்குப்பாலச் சங்கிலிக்கு நான் பொறுப்பு. அறுந்த துண்டு ஒரு அங்குலமாவது இருந்தால் கொண்டு வாருங்கள். கண்ணி அளவு பார்த்து, கொலுசுக்குப் போடும் மெல்லிய சங்கிலியில் அதே கனத்தில் எடுத்துத் தருகிறேன். பித்தளை வேண்டும் என்றால் பித்தளையிலும் செய்யலாம்.

கொலுப்படி எழுதியது:

சரிங்க, ஈய ஆட்களுக்கு வர்ணம் வேண்டாம் என்று ஒப்புக்கொள்கிறேன். அந்த டாக்டரம்மா சொன்ன பிறகு மறுபேச்சு இல்லை. ஆனால் கோட்டை? மதிலில் வர்ணம் உரிந்து வெள்ளை மரம் தெரிந்தால் படியில் எடுப்பாக இருக்காதே. அதற்காவது ஒரு பூச்சு போடலாமே?

மரவனேரி எழுதியது:

அக்கா, அதைத்தான் நானும் தம்பியும் உட்கார்ந்து பேசினோம். கோட்டையை ஹாலில் அடுக்கி வைத்துப் பார்த்தோம். உரிந்த இடம் எங்கே என்று பார்த்தபோது, வாசலுக்கு இரண்டு பக்கமும் விரல் பட்ட இடத்திலும், பீரங்கிக்கு நேர் எதிர் மதிலிலும்தான் அதிகம். தீக்குச்சி பட்டுப் பட்டு அம்மை வடுவாக இருக்கிறது. தம்பி அந்த மதிலைத் தடவிப் பார்த்துவிட்டு, 'இதில் பாதி நான் சுட்டது' என்றான். பெயின்ட் பேச்சை அவனே விட்டுவிட்டான். ஏன் மனசு ஒப்பவில்லை என்று அவனுக்கு நான் விளக்க வேண்டியே வரவில்லை.

அதனால் முடிவு இது. நிற்க முடியாததை நிற்க வைப்போம், அதோடு சரி. ஒரு கொத்தளத்தின் அடிப்பலகை பிளந்திருக்கிறது, ஜன்னல் காகிதம் இரண்டு இடத்தில் உரிந்து தொங்குகிறது. இதற்கு என்ன பசை? வீட்டில் வெள்ளைப் பசை டப்பா இருக்கிறது.

வெள்ளைக்கல் எழுதியது:

கோட்டைக்குள் ஈய ஆட்கள் இனி குடியிருக்கப் போவதில்லை என்றால் பலகைக்கு வெள்ளைப் பசை போடலாம். அதுவும் கொஞ்சம் அசிட்டிக் ஆவி விடும், அதனால்தான் கேட்கிறேன். காகிதத்துக்கு அது வேண்டாம். மைதாப் பசை காய்ச்சுங்கள். பின்னால் யாராவது சரிசெய்ய நினைத்தால் தண்ணீரில் நனைத்து எடுத்துவிடலாம். பழைய பைண்டிங் கடைகளில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை சேர்ப்பார்கள். அது விஷம், குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம். மெலிதாகத் தடவி நன்றாகக் காயவிட்டாலே போதும்.

மரவனேரி எழுதியது:

புரிந்தது. கொலுவில் கோட்டைக்குள் பிளாஸ்டிக் வீரர்கள் மட்டும்தான் நிற்பார்கள். கொத்தளத்துக்கு வெள்ளைப் பசை, ஜன்னலுக்கு மைதா. கறுப்புத் துணியில் இதுவரை மாவு உதிரவில்லை. ஈய ஆட்கள் அதிகாரியோடு கண்ணாடி மூடிய டப்பாவில், மேல்படியில், பிள்ளைகள் பார்க்கலாம், எடுக்க முடியாது. தம்பி மகளுக்கு ஏழு வயது. கொலு முடிந்ததும் கோட்டையையும் பிளாஸ்டிக் வீரர்களையும் அவளிடம் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். குழந்தைநலம் அவர்களே, கோட்டையின் பழைய பெயின்ட் அவளுக்குப் பரவாயில்லையா?

குழந்தைநலம் எழுதியது:

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெயின்டிலும் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உரிகிற இடம் அவள் கை படுகிற இடம். பிளாஸ்டிக் ஆட்களின் வர்ணமும் பழையதுதான். கோட்டையைப் பெரியவர்கள் அடுக்கி வையுங்கள், அவள் சொல்லச் சொல்ல நீங்கள் ஆட்களை நகர்த்துங்கள். ஏழு வயதுக்குக் கட்டளை போடுவது நிறையப் பிடிக்கும். அவள் கையில் எடுத்து விளையாடப் புதிதாக நல்ல பொம்மை வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள், 2021 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

சங்கிலித் துண்டு வந்து சேர்ந்தது. கண்ணி பித்தளைதான், கறுத்துப் போனதால் இரும்பு என்று நினைத்திருக்கிறீர்கள். அதே கனத்தில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து எடுத்துவிட்டேன். பழைய துண்டை உருக்கவில்லை, தனியாகப் பொட்டலம் கட்டியிருக்கிறேன். பாலத்துத் தகரத்தில் புதிதாகத் துளை போட வேண்டாம், பழைய துளையிலேயே கொக்கியாக மாட்டும்படி முனையை வளைத்திருக்கிறேன். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் பட்டறையில் இருப்பேன், லீ பஜார் பக்கம் வந்ததும் கூப்பிடுங்கள். பாலத்தையும் எடுத்து வந்தால் தூக்கி இறக்கிப் பார்த்துவிட்டே கொடுத்தனுப்புகிறேன்.